கேனுக்கு ஒரு பத்தி, குழாய்க்கு இரண்டு பத்தி

கொஞ்ச நாளாக இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டுமே இந்தியத் தர நிர்ணய அமைவனம் (முன்பு ஐ.எஸ்.ஐ., இப்போது பி.ஐ.எஸ்.) வெளியிட்டவை. ஒன்று ஐ.எஸ். 10500, குடிநீருக்கான தரம். மற்றது ஐ.எஸ். 14543, அடைத்து விற்கும் குடிநீருக்கான தரம். முன்பெல்லாம் இவற்றைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இப்போது பதிவு செய்துகொண்டால் அமைவனத்தின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நான் படித்த பிரதிகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஒரு நாவலையோ கவிதைத் தொகுப்பையோ விமர்சிக்கும் அதே கவனத்தோடு இவற்றைப் படித்தால் என்ன கிடைக்கும் என்று பார்க்க ஆசை. அந்த வாசிப்பின் குறிப்புகள்தான் இவை.

இந்த ஆசை வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விழிதியூரில் எங்கள் வீட்டு அடுப்படியில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கும். குழாயில் பிடித்த தண்ணீர் எவர்சில்வர் குடத்தில். வாங்கின தண்ணீர் ஸ்டாண்டில் கவிழ்த்த இருபது லிட்டர் கேனில். "சோத்துக்குக் குழாத்தண்ணி, வாய்க்குக் கேன் தண்ணி" என்பது அம்மா போட்ட ஏற்பாடு. நிரவி, திருமலைராயன்பட்டினம் பக்கம் பல வீடுகளில் இதே ஏற்பாடுதான். கடலை நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்புத் தட்டும். காவிரியின் கடைமடை என்பதால் ஆற்றுத் தண்ணீருக்கும் நாங்கள்தான் கடைசி வரிசை. ஆகவே கேன் எங்களுக்கு ஆடம்பரம் கிடையாது, மாதச் செலவுக் கணக்கில் அரிசிக்குப் பக்கத்தில் வரும் பொருள்.

ஒரு நாள் கேன் இறக்க வந்த தம்பியிடம் கேட்டேன், "லேபிள்ல ஐஎஸ்ஐ முத்திரை இருக்குமே, காணோமேப்பா?"

"அது இப்ப வேண்டாம்னு சொல்லிட்டாங்கண்ணே. கவர்மெண்டே எடுத்துடுச்சு."

பையன் சமாளிக்கிறான் என்றுதான் நினைத்தேன். உள்ளே வந்து தேடிப் பார்த்தால் அவன் சொன்னது சரி. 2024 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) தன் விதிமுறைகளைத் திருத்தி, அடைத்த குடிநீருக்கு பி.ஐ.எஸ். சான்று கட்டாயம் என்பதை நீக்கியிருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டார்: "சரி, அப்ப குழாய்ல என்ன முத்திரை இருந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இரண்டு ஆவணங்களையும் எடுத்தேன்.

முத்திரை எப்போது கட்டாயம்?

இந்தியத் தர நிறுவனம், அதாவது பழைய ஐ.எஸ்.ஐ., 1947 ஜனவரியில் பிறந்தது. சுதந்திரத்துக்கு ஏழு மாதம் மூத்தது. அது வெளியிட்ட தரங்களில் ஐ.எஸ். 1 என்ற எண் 1951இல் தேசியக் கொடிக்குப் போனது. துணி எப்படி, சாயம் எப்படி, அளவு எப்படி என்று எழுதிவைத்தார்கள். 1952இல் சான்று முத்திரைக்கான சட்டம் வந்தது. பிறகு 1986 சட்டத்தின் மூலம் நிறுவனம் அமைவனமானது. இப்போது நடப்பில் இருப்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம்.

இவ்வளவு காலமும் மாறாமல் இருக்கிற அடிப்படை ஒன்று உண்டு. இந்தியத் தரம் என்பது இயல்பில் விருப்பத்துக்குரியது. ஒரு பொருளுக்குத் தரம் எழுதப்பட்டுவிட்டது என்பதாலேயே அதை யாரும் பின்பற்றியாக வேண்டும் என்று ஆகிவிடாது. அரசு தனியாக ஓர் ஆணையோ விதியோ போட்டு, 'இந்தப் பொருள் முத்திரை இல்லாமல் விற்கப்படக் கூடாது' என்று சொன்னால்தான் கட்டாயம். ஹெல்மெட், பிரஷர் குக்கர், விளையாட்டுப் பொம்மை எல்லாம் அப்படித்தான் கட்டாயப் பட்டியலுக்குள் வந்தன. கட்டாயமான பிறகு சட்டத்துக்குப் பல்லும் உண்டு. 2016 சட்டப்படி முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

அடைத்த குடிநீருக்கான தரம் 1998இல் எழுதப்பட்டது. 2001இல் முத்திரை கட்டாயமானது. ஆனால் முத்திரை வந்ததோடு கதை முடியவில்லை. 2003 பிப்ரவரியில் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஓர் ஆய்வு வெளியிட்டது. தில்லி வட்டாரத்தில் 17, மும்பை வட்டாரத்தில் 13 என்று மொத்தம் 30 பிராண்டுகளின் தண்ணீரைச் சோதித்ததில் பெரும்பாலானவற்றில் லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிக்கொல்லி எச்சங்கள் கிடைத்தன. பாட்டில்களிலோ முத்திரை இருந்தது.

இது எப்படி என்று பார்த்தால், விடை தரத்தின் வாசகத்திலேயே இருந்தது. அப்போதைய தரம் பூச்சிக்கொல்லிக்கு எண் எதுவும் சொல்லவில்லை. கண்டறியும் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னது. எந்த முறையால் கண்டறிவது? சொல்லப்பட்டிருந்த முறை அவ்வளவு நுட்பமானது இல்லை. பெரிய கண்ணுள்ள வலையை வீசிவிட்டு, குளத்தில் பொடிமீனே இல்லை என்று சான்று கொடுப்பதுபோல. அந்த ஆய்வுக்குப் பிறகு தரம் திருத்தப்பட்டது. 2004 ஜனவரி 1 முதல் ஒரு லிட்டரில் எந்தத் தனிப் பூச்சிக்கொல்லியும் 0.0001 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, எல்லாம் சேர்ந்து 0.0005 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று எண்கள் வந்தன. இவை ஐரோப்பாவில் இருந்த எண்கள்.

இந்தச் சம்பவத்தை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. விற்கப்படும் தண்ணீரின் தரத்தில் ஓட்டை இருந்தது. வெளியாள் ஒருவர் சோதித்துச் சொன்னார். ஓர் ஆண்டுக்குள் ஓட்டை அடைபட்டது. முத்திரை இருந்ததால்தான், 'முத்திரை குத்தியவர் யார்?' என்று கேட்க முடிந்தது. பதில் சொல்ல வேண்டிய ஆள் இருந்தார்.

இரண்டு பத்திகள்

இப்போது ஆவணங்களுக்கு வருகிறேன்.

ஐ.எஸ். 14543இன் அட்டவணையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு எல்லைதான். கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள், அதாவது எல்லாரும் டிடிஎஸ் என்று சொல்வது, லிட்டருக்கு 500 மி.கி. அதைத் தாண்டினால் தேறாது. குளோரைடு 200. அதற்கு மேல் பேச்சே இல்லை.

ஐ.எஸ். 10500இன் அட்டவணையில் இரண்டு பத்திகள். முதல் பத்தியின் தலைப்பு, ஏற்கத்தக்க அளவு. இரண்டாவதன் தலைப்பு நீளமானது: மாற்று ஆதாரம் இல்லாத நிலையில் அனுமதிக்கத்தக்க அளவு. டிடிஎஸ் முதல் பத்தியில் 500, இரண்டாவதில் 2000. குளோரைடு 250, பிறகு 1000. கடினத்தன்மை 200, பிறகு 600. ஃபுளோரைடு 1.0, பிறகு 1.5.

எடுத்த எடுப்பில் கோபம்தான் வந்தது. காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு ஒரு பத்தி, குழாயடியில் நிற்கிறவனுக்கு இரண்டு பத்தியா என்று. ஆனால் நிதானமாகப் படித்தால் அந்தக் கோபத்தில் பாதி நியாயமில்லை. டிடிஎஸ், குளோரைடு, கடினத்தன்மை எல்லாம் பெரும்பாலும் ருசி, வழவழப்பு, பாத்திரத்தில் படியும் உப்பு சம்பந்தப்பட்டவை. டிடிஎஸ்ஸுக்கு உலகச் சுகாதார நிறுவனமே உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் விதிக்கவில்லை. நைட்ரேட்டுக்கு 45 மி.கி. என்று சொல்லிவிட்டு, இரண்டாவது பத்தியில் தளர்வு கிடையாது என்று ஆவணம் கறாராகச் சொல்கிறது. மலக்கலப்பைக் காட்டும் இ.கோலை கிருமி 100 மி.லி. தண்ணீரில் தென்படவே கூடாது, அதிலும் தளர்வு இல்லை. எங்கள் மாதிரி உப்புத் தண்ணீர் ஊர்களுக்கு முதல் பத்தியை மட்டும் வைத்தால், பாதிக் கிணறுகளை மூட வேண்டியிருக்கும். இரண்டாவது பத்தி எழுதியவர்கள் இந்தியாவைத் தெரிந்தவர்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். வீட்டுக்கு வீடு சுத்திகரிப்பு எந்திரம் விற்க வருகிறவர்கள் கையில் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்கும். குழாய்த் தண்ணீரில் வைத்துக் காட்டி, எண்ணைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பார்கள். இன்னும் சிலர் இரும்பு, அலுமினியக் கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். தண்ணீர் செம்மண் நிறமாகிவிடும். "பாத்தீங்களா, இதத்தான் குடிக்கிறீங்க" என்பார்கள். அந்த நிறம் கம்பி கரைந்து வந்தது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாய்கிறது, அவ்வளவுதான். டிடிஎஸ் மீட்டருக்கு உப்பு தெரியும். கிருமி தெரியாது. எங்கள் வீட்டுக் குழாயில் வைத்தபோது 500ஐத் தாண்டித்தான் காட்டியது. அது எங்களுக்கு மீட்டர் இல்லாமலே நாக்கில் தெரிந்த விஷயம்.

ஆகவே எண்கள்மேல் எனக்குப் பெரிய குறை இல்லை. என் விமர்சனம் அந்த இரண்டாவது பத்தியின் தலைப்பின்மேல்தான். மாற்று ஆதாரம் இல்லாத நிலையில் என்றால், இல்லை என்று சொல்வது யார்? எந்த அதிகாரி, எந்தத் தேதியில், எந்த ஊருக்கு, எத்தனை வருடத்துக்கு அப்படிச் சான்று தருகிறார்? ஆவணத்தில் இதற்குப் பதில் இல்லை. முதல் பத்தியை நடைமுறைப்படுத்தும்படி முன்னுரை பரிந்துரைக்கிறது. பரிந்துரைதான். இரண்டாவது பத்தியைத் தாண்டினால் அந்த ஆதாரத்தை நிராகரிக்க வேண்டும் என்கிறது. யார் நிராகரிப்பது, நிராகரித்த மறுநாள் அந்த ஊர் எதைக் குடிப்பது என்று சொல்லவில்லை. விதிவிலக்கு என்று எழுதப்பட்ட பத்தி, கேட்பாரில்லாததால் விதியாகவே ஆகிவிடுகிறது. கடைமடை ஊர்களில் எந்த ஆண்டுதான் மாற்று ஆதாரம் இருந்தது?

இதைவிடப் பெரிய விஷயம், இந்த ஆவணம் முழுக்க விருப்பத்துக்குரியது என்பது. கேனுக்கு இருபத்துச் சொச்சம் வருடம் இருந்த கட்டாயம் குழாய்க்கு ஒரு நாளும் இருந்ததில்லை. அம்மாவின் கேள்விக்குப் பதில் இதுதான்: குழாயில் எந்த முத்திரையும் இல்லை, எப்போதுமே இருந்ததில்லை.

உணவு எது?

சட்டத்தின் சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் உணவு என்றால் என்ன என்று வரையறுக்கிறது. அடைத்த குடிநீர் அதில் உண்டு. உணவு தயாரிக்கும்போது சேர்க்கும் தண்ணீரும் உண்டு. சூயிங்கம்கூடப் பெயரோடு இருக்கிறது. குழாயில் வந்து குடத்தில் விழும் தண்ணீர் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. ஆக, ஓட்டல் சாம்பாரில் விழுந்தால் தண்ணீர் உணவு. கேனில் அடைத்தால் உணவு. அம்மா குழாயடியில் கையேந்திக் குடித்தால் மட்டும் அது ஏதோ ஒரு பொதுச் சேவை.

இதனால் நடைமுறையில் என்ன வித்தியாசம்? 2024 அக்டோபரில் கேனுக்கு முத்திரைக் கட்டாயம் போனது என்றேன். இரண்டு துறைகளிடம் இரண்டு சான்று வாங்குவது சுமை என்று உற்பத்தியாளர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். முத்திரை போனாலும் கேன் அநாதையாகிவிடவில்லை. அடுத்த மாதமே அடைத்த குடிநீரை ஆணையம் அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்தது. உரிமம் கொடுக்கும் முன் ஆய்வு, ஆண்டுதோறும் ஆய்வு, வெளியார் தணிக்கை எல்லாம் உண்டு. அதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு விஷயம். காகிதத்திலாவது ஒரு பொறுப்பாளி இருக்கிறார். லேபிளில் பதினான்கு இலக்க உரிம எண் இருக்கிறது. அதை வைத்துப் புகார் கொடுக்கலாம். குழாய்க்கு அப்படி எந்த எண்ணும் இல்லை.

2022 ஜூலை

இதெல்லாம் வெறும் காகித வாதமாகத் தோன்றினால், எங்கள் ஊர் கதைக்கு வருவோம்.

2019 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தது. கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், தண்ணீர் ஐ.எஸ். 10500 தரத்தில். கிராமப்புற வீடுகள் அனைத்துக்கும் குழாய் தந்தாயிற்று என்று 2021இலேயே பெயர் வாங்கிய சில பகுதிகளில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசமும் ஒன்று. காரைக்கால் அதன் ஒரு துண்டு.

2022 ஜூலை 3 அன்று புதுச்சேரி அரசு காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. வாந்தி பேதியோடு ஆட்கள் ஆஸ்பத்திரியில் நிறைந்தார்கள். சில மாதிரிகளில் காலரா உறுதியானது. பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். பூமிக்கடியில் பழைய குழாய்களில் கசிவு, கழிவுநீர் கலப்பு என்றுதான் அப்போது பேச்சு. காலரா என்ற சொல்லைப் பாட்டி காலத்துக் கதைகளில் கேட்டிருந்த தலைமுறை நான். அந்த வாரம் எங்கள் வீட்டில் சோற்றுக்கும் கேன் தண்ணீர்தான். கேன் வாங்க முடியாதவர்கள் விறகை வைத்துக் கொதிக்கவைத்தார்கள்.

இப்போது அட்டவணைகளை மறுபடி பார்க்கிறேன். கேனுக்கான ஐ.எஸ். 14543இல் கிருமிகளின் பட்டியல் நீளமானது. இ.கோலை, சால்மொனெல்லா, ஷிகெல்லா என்று போகிற அந்தப் பட்டியலில் காலராக் கிருமியான விப்ரியோ காலரேயும் இருக்கிறது. 250 மி.லி. மாதிரியில் அது இருக்கவே கூடாது. குழாய்க்கான ஐ.எஸ். 10500இன் நுண்ணுயிர் அட்டவணையில் இருப்பவை இ.கோலையும் கோலிஃபார்ம் வகைகளும்தான். இதை வைத்து அறிவியலைக் குறை சொல்ல முடியாது. மலக்கலப்பு இருந்தால் இ.கோலை காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே தேட ஓர் ஊராட்சியால் முடியாது. ஆனாலும் ஊரே காலராவில் படுத்திருந்தபோது, அந்தக் கிருமியின் பெயரைச் சொல்லித் தடை செய்திருந்த தண்ணீர் கேனில் இருந்தது. குழாய் எந்தத் தரத்துக்கும் சட்டப்படி கட்டுப்பட்டிருக்கவில்லை. வீட்டுக்கு வீடு குழாய் என்ற எண்ணிக்கை நிறைவடைந்தது 2021இல். அந்தக் குழாய்க்குள் என்ன வருகிறது என்பதற்குப் பொறுப்பேற்கச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

இது நமக்கு மட்டுமான நிலை என்றும் சொல்ல முடியாது. 2019 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை மாநிலத் தலைநகரங்களின் குழாய்த் தண்ணீரை பி.ஐ.எஸ். மூலம் சோதித்து முடிவை வெளியிட்டது. மும்பையில் எடுத்த மாதிரிகள் எல்லாம் தேறின. தில்லியில் எடுத்த 11 மாதிரிகளில் ஒன்றும் தேறவில்லை. சென்னையிலும் ஒன்றும் தேறவில்லை. அன்றைய அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான், குழாய் நீருக்கும் தரத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்றார். தில்லி அரசோடு பெரிய வாக்குவாதம் நடந்தது. 2020இல் குழாய் நீர் வழங்கல் சேவைக்கென்றே ஐ.எஸ். 17482 என்று ஒரு தரம் எழுதப்பட்டது. அதுவும் விருப்பத்துக்குரியதுதான். ஆறுமாதச் சத்தத்துக்குப் பிறகு நமக்குக் கிடைத்தது இன்னொரு ஆவணம்.

மூட முடியாத தொழிற்சாலை

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேன் கம்பெனி தரம் தவறினால் பூட்டு போடலாம். குழாய்க்குப் பூட்டு போட முடியுமா? தண்ணீரை நிறுத்தினால் மக்கள் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் போவார்கள். அது இன்னும் மோசம். அபராதம் போடலாம் என்றால், அரசு ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டுக்கொள்வதாகும். பணமில்லாத ஓர் ஊராட்சிமேல் அபராதம் போட்டால், குழாயை மாற்ற இருந்த பணமும் போய்விடும். தரத்தைக் கட்டாயமாக்கு என்று எழுதுவது சுலபம். சின்ன உற்பத்தியாளரை மிதித்துவிட்டுப் பெரியவனை வாழவைத்த கட்டாய ஆணைகளும் இந்த நாட்டில் உண்டு. கோவை, ஈரோடு பக்கத்து நூற்பாலைக்காரர்களைக் கேட்டால் விஸ்கோஸ் இழைக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். 2023இல் வந்த அந்த ஆணையை 2025 நவம்பரில் அரசே திரும்பப் பெற்றது.

இந்த வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. பூட்டும் அபராதமும் குழாய்க்குப் பொருந்தாது. ஆனால் கட்டாயம் என்றால் பூட்டும் அபராதமும் மட்டும்தான் என்று யார் சொன்னது? சொல்ல வேண்டிய கட்டாயம் என்று ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவில் 1974இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. எல்லை மீறினால் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு அதை அறிவித்தாக வேண்டும். 1998இல் வந்த விதிப்படி ஒவ்வொரு குடிநீர் அமைப்பும் ஆண்டுதோறும் தன் வாடிக்கையாளர்களுக்குத் தர அறிக்கை தர வேண்டும். எந்த ஆதாரம், என்ன கிடைத்தது, எல்லை என்ன என்று. இங்கிலாந்தில் 1990இலேயே குடிநீருக்கென்று தனிக் கண்காணிப்பு அமைப்பு ஏற்படுத்தினார்கள். குடிக்கத் தகுதியற்ற தண்ணீரை வழங்குவது அங்கே குற்றம். இவ்வளவு இருந்தும் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரத்தில் 2014இல் ஈயம் கலந்த தண்ணீர் வந்தது. சட்டம் இருந்தால் தப்பே நடக்காது என்று சொல்ல வரவில்லை. தப்பு நடந்தபோது, இந்த எண்ணை ஏன் மறைத்தாய் என்று கேட்க அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு சட்டம் இருந்தது.

நம்மிடமும் சோதனை நடக்காமல் இல்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சோதனைப் பெட்டி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி அருமையான கருவி. தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டால், மலக்கலப்பு இருக்கும்போது கறுத்துவிடும். இது இந்திய ஆய்வாளர்கள் மஞ்சா, மௌரியா, ராவ் மூவரும் 1982இல் உலகுக்குச் சொன்ன எளிய சோதனை. முடிவுகளை ஏற்ற ஓர் இணையதளமும் உண்டு. ஆனால் விழிதியூர் குழாயடியில் நிற்கிறவருக்கு நேற்றைய முடிவு என்ன என்று தெரியுமா? தெரியாது. கேட்கலாம் என்றால் யாரிடம்? புதுச்சேரியில் முப்பத்தெட்டு வருட இடைவெளிக்குப் பிறகு 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் இருக்கிறது, அதிகாரிகள் இருக்கிறார்கள். ஓட்டுப் போட்டோம், பதில் சொல்லு என்று சட்டையைப் பிடிக்க ஒரு வார்டு உறுப்பினர் கிடையாது. நாகூர் எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே கேட்க ஊராட்சித் தலைவர் என்று ஒருவராவது இருந்து பழக்கம் உண்டு.

ஒரே ஓர் எண்

ஐ.எஸ். 10500ஐ மறுபடி மறுபடி படித்ததில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று கிடைத்தது. அட்டவணையில் எஞ்சிய குளோரின் என்று ஒரு வரி. தண்ணீரில் கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின், குழாய் வழியெல்லாம் வேலை செய்துவிட்டு மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பது. குறைந்தது லிட்டருக்கு 0.2 மி.கி. இருக்க வேண்டும். அந்த வரிக்கான குறிப்பில், இதை நுகர்வோர் முனையில் சோதிக்க வேண்டும் என்று இருக்கிறது.

நுகர்வோர் முனை என்றால் தொட்டி இல்லை, பம்பு அறை இல்லை. எங்கள் வீட்டுக் குழாய். இன்னும் சொன்னால், தெருவின் கடைசி வீட்டுக் குழாய். வழியில் எங்காவது சாக்கடை கலந்திருந்தால் குளோரின் அதோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோயிருக்கும். கடைசிக் குழாயில் பூஜ்யம் காட்டும். கசிவுக்கு அதைவிட விரைவான எச்சரிக்கை கிடையாது. சோதிக்க லட்ச ரூபாய் எந்திரம் வேண்டாம். ஒரு கண்ணாடிக் குழல், சில சொட்டு மருந்து, நிறத்தை ஒப்பிட ஓர் அட்டை. சில நிமிட வேலை.

ஆகவே என் கோரிக்கை சின்னது. இருநூறு பக்க ஆவணம் வேண்டாம், முத்திரைகூட வேண்டாம். ஐ.எஸ். 10500இல் இந்த ஒரு வரியை மட்டும் சட்டப்படி கட்டாயமாக்குங்கள். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ஊரிலும், கடைசி வீட்டுக் குழாயில் எவ்வளவு குளோரின் இருந்தது என்று ரேஷன் கடைப் பலகையில் அரிசி இருப்பு எழுதுவதுபோல எழுதிவையுங்கள். தமிழில். சோதித்தவர் பெயரோடு. 0.2க்குக் கீழே போனால் அன்றே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும், கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று. தண்டனை என்று ஒன்று வேண்டுமானால், எழுதாமல் விட்ட நாளுக்குத்தான் தண்டனை. எண் குறைந்த நாளுக்குத் தண்டனை வைத்தால் எல்லா நாளும் 0.2 என்றே எழுதப்படும். அந்த வித்தை நமக்குப் புதிதில்லை.

இதில் ஓட்டை இருக்கலாம். குளோரின் போடாமல் நேரடியாக வரும் ஆழ்குழாய்த் தண்ணீருக்கு இந்த வரி பொருந்தாது என்று ஆவணமே சொல்கிறது. அந்த இடங்களில் மாதம் ஒரு முறை குப்பிச் சோதனையை வைக்கலாம். உப்பு, இரும்பு, நைட்ரேட் எல்லாம் இதில் அடங்காது. தெரியும். ஆனால் 2022 ஜூனில் எங்கள் ஊர்களில் இப்படி ஒரு பலகை இருந்திருந்தால், ஆஸ்பத்திரி நிரம்பும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தச் சொட்டு மருந்து எங்க கிடைக்கும்? வாங்கிட்டு வா, நாமளே பாப்போம்" என்றார். வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தாயிற்று. எங்கள் வீடு தெருவில் கடைசிக்கு முந்தியது. கடைசி வீட்டு அக்காவும் சரி என்று சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் எழுதிவைத்துவிட்டு, எண்களை இங்கேயே போடுகிறேன். காரைக்கால், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் இருக்கிற நண்பர்கள் யாராவது அவரவர் தெருக் கடைசிக் குழாயில் பார்க்க முடிந்தால், தேதி, நேரத்தோடு எழுதுங்கள்.